ஒரு வருட விளைச்சல் போதுமா?



பள்ளி ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் பரிசோதனை செய்திருப்பீர்கள். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளக்கிறோம். சந்தேகம் வந்தால் மறுபடியும் அளக்கிறோம். மூன்றாவது முறையும் அளந்து சராசரி எடுக்கிறோம். நடுவில் நூல் முறுக்கிக்கொண்டால் சரிசெய்துவிட்டு மீண்டும் ஆட்டிவிடலாம். எல்லாம் ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடுகிறது.

இப்படிக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். அந்த ஊசலை வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் ஆட்டலாம். ஒவ்வொரு வருடமும் புவியீர்ப்பு விசை வேறு வேறாக இருக்கும். ஊசல் ஆடிக்கொண்டிருக்கும்போதே யாரோ வந்து குண்டைத் தட்டிவிடலாம். சில வருடங்களில் நூலையே அறுத்தும் விடலாம். இந்த நிலையில் ஊசலின் நீளத்துக்கும் அலைவு நேரத்துக்கும் உள்ள உறவை எத்தனை வருடத்தில் கண்டுபிடிப்பீர்கள்?

இது வெறும் வேடிக்கைக் கற்பனை அல்ல. நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே இப்படி ஒரு பரிசோதனை 1901-ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைத்தான் சொல்கிறேன். கோவையில் வேளாண்மைக் கல்லூரி வருவதற்கு முன்பே தோன்றிய நிலையம் அது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. பருத்தியில் 'கே 11', சோளத்தில் 'கே 12', மிளகாயில் 'கே 2' என்று ரகங்களின் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் 'கே' என்ற எழுத்து கோவில்பட்டியைக் குறிப்பது.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன். "விவசாயத்தில் என்ன சார் விஞ்ஞானம் இருக்கிறது?" என்று கேட்கிற மாணவர்கள் வருடந்தோறும் வருகிறார்கள். இன்னொரு பக்கம், "ஒரு ரகத்தை வெளியிடப் பத்து வருடமா? ஆராய்ச்சிப் பண்ணைக்காரர்கள் தூங்குகிறார்களா?" என்று கேட்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். அந்தப் பதிலை உங்கள்முன் வைப்பதும், அதோடு எனக்குள்ள ஒரு மனக்குறையைச் சொல்வதுமே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மழைக்கணக்கு

கோவில்பட்டி கரிசல் பூமி. ஆறு இல்லை, பெரிய அணைக்கட்டுப் பாசனம் இல்லை. வானம் பார்த்த மானாவாரி நிலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கத்திலேயே பெரும்பாலும் இறக்கிவைத்துக் கொள்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் நமக்கு வருவது மழையைக் கொட்டித் தீர்த்த வறண்ட காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் பேச்சு அல்ல. கயத்தாறு பக்கம் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அதற்குச் சாட்சி.

அதனால்தான், "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி நாடெங்கும் வழங்கினாலும், கரிசல் காட்டின் பெரும்பட்டம் புரட்டாசியில் தொடங்குகிறது. வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது.

வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு? ஏறத்தாழ 700 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இது குறைவா, அதிகமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே 1 மி.மீ. மழை ஓர் ஏக்கருக்கு 4,047 லிட்டர் தண்ணீர். 700 மி.மீ. என்றால் 28 லட்சம் லிட்டருக்கு மேல்! 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் கொண்டுவந்து ஊற்றுவதானால் 236 லாரிகள் வேண்டும்.

இவ்வளவு தண்ணீர் வானத்திலிருந்து இலவசமாக வந்தும் பயிர் ஏன் வாடுகிறது? எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்போது பெய்தது, அதில் எவ்வளவு மண்ணில் நின்றது என்பதே முக்கியம். மொத்த மழையும் சில பத்து நாட்களில் விழுந்துவிடுகிறது. மீதி நாட்களில் வெயில் தன் கணக்கைத் தீர்க்கிறது.

அந்த வெயிலின் கணக்கையும் பார்த்துவிடுவோம். வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 2 கோடி ஜூல். 1 கிலோகிராம் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 24.5 லட்சம் ஜூல் போதும். வகுத்துப் பாருங்கள். அத்தனை ஆற்றலும் ஆவியாக்குவதற்கே செலவானால் ஒரே நாளில் 8 லிட்டர், அதாவது 8 மி.மீ. தண்ணீர் மறைந்துபோகும். உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் போகும். ஆனாலும் ஒரு வாரம் மழை இல்லையென்றால் மண் ஏன் வெடிக்கிறது என்பது இப்போது புரியும்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கு இதே ஆவியாதல்தான் சோறு போடுகிறது. கோவில்பட்டிச் சம்சாரிக்கு இதே ஆவியாதல்தான் எதிரி. (எங்கள் கரிசல் பக்கத்தில் விவசாயியைச் 'சம்சாரி' என்றுதான் சொல்வோம்.) உப்பளத்தில் பாத்தி விளையும் நேரத்தில் மழை வந்தால் நஷ்டம், கரிசலில் சோளக்கதிர் வரும் நேரத்தில் மழை வராவிட்டால் நஷ்டம். இரண்டு ஊர்களுக்கும் இடையே சில பத்து கிலோமீட்டர்தான். இயற்பியல் விதியும் ஒன்றேதான்.

விதை தானே மழையை அளக்கிறது

இனி ஒரு பருவத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

கோடை மழை ஒன்று விழுந்ததும் நிலத்தை உழுது போடுகிறார்கள். ஆவணியில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி, ஆராய்ச்சிப் பாத்திகளை அளந்து பிரிக்கிறார்கள். புரட்டாசியில் வருகிறது பெரிய கேள்வி: எப்போது விதைப்பது?

மழை வந்த பிறகு விதைக்கலாமே என்று நினைப்பீர்கள். கரிசல் மண்ணின் குணம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அதிலுள்ள களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்த கரிசலில் கால் வைத்தால் அரையடி சேறு செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். மாடும் இறங்க முடியாது. டிராக்டரும் இறங்க முடியாது. மண் காய்ந்து பதமாகும்வரை காத்திருந்தால் முதல் மழையின் ஈரம் வீணாகிவிடும். பருவமே மூன்று மாதம். அதில் பத்து நாள் இழப்பது பெரிய இழப்பு.

சரி, மழைக்கு முன்பே விதைத்துவிட்டால்? அதிலும் ஆபத்து உண்டு. செப்டம்பர் கடைசியில் ஒரு சிறு தூறல் விழும். விதை ஏமாந்து முளைத்துவிடும். பிறகு பதினைந்து நாள் மழையே இராது. முளை கருகிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு ஆராய்ச்சி நிலையம் கண்ட வழி மிக அழகானது. பருவமழைக்கு முன்பே உலர்ந்த மண்ணில் விதையுங்கள். ஆனால் ஆழமாக, சோளமானால் 5 செ.மீ. ஆழத்தில் விதையுங்கள் என்கிறார்கள். ஏன் 5 செ.மீ.? காய்ந்த கரிசல் மண் தன் கன அளவில் ஏறத்தாழ 30 சதவிகிதம் புதிதாகத் தண்ணீர் ஏற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 செ.மீ. என்பது 50 மி.மீ. அதில் 30 சதவிகிதம் 15 மி.மீ. அதாவது, ஏறக்குறைய 15 மி.மீ. மழை பெய்தால்தான் விதை இருக்கும் இடம்வரை மண் நனையும். 4 மி.மீ. தூறலுக்கு விதை அசையாது. நல்ல மழை வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும். விதைப்பு ஆழமே ஒரு மழைமானியாகிவிடுகிறது! மின்சாரம் இல்லை, கருவி இல்லை, செலவும் இல்லை.

இதோடு விதையைக் கடினப்படுத்தும் முறையும் உண்டு. சோள விதையை 2 சதவிகிதப் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்தி விதைக்கிறார்கள். அப்படிச் செய்த விதையின் நாற்று வறட்சியைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

ஆனால் கவனியுங்கள். "பருவமழைக்கு முன்பே" என்றால் எந்த வாரம்? இரண்டு வாரம் முந்தினால் எறும்பும் பறவையும் விதையைத் தின்றுவிடும். பிந்தினால் மழை முந்திக்கொள்ளும். இதற்குப் பதில் சொல்ல நிலையத்து வளாகத்தில் தினமும் காலை 8.30 மணிக்கு யாரோ ஒருவர் மழைமானியைப் பார்த்து எழுதிவைத்த பதிவேடுகள்தான் உதவுகின்றன. இந்த வாரத்தில் நல்ல மழை பெய்ய எத்தனை சதவிகித வாய்ப்பு என்பது பல பத்தாண்டுக் கணக்கிலிருந்து வருகிறது. ஒரு நாள் எழுதியதை மறுநாள் பார்த்தால் அது வெறும் எண். ஐம்பது ஆண்டு எழுதியதைச் சேர்த்துப் பார்த்தால் அது வழிகாட்டி.

எது உண்மையான வருடம்?

ஒரு ரகத்தின் தகுதியை ஒரே பருவத்தில் சொல்லிவிட முடியுமா? இரண்டு வருடங்களை எடுத்துக்கொள்வோம்.

2016-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவிகிதம் குறைந்தது. கதிர் பிடிக்காமலே பயிர்கள் காய்ந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே தூத்துக்குடி மாவட்டத்தில் நேர்மாறாக நடந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. ஒரு முழு வருடத்தில் பெய்யவேண்டியதைவிட அதிகமான மழை ஒரே நாளில்! தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின, ரயில் நின்றது, வயல்கள் மணல்மேடாயின.

2016-இல் மட்டும் சோதித்திருந்தால், வறட்சியைத் தாங்கும் ரகம் முதல் பரிசு வாங்கியிருக்கும். 2023-இல் மட்டும் சோதித்திருந்தால், வெள்ளத்தில் நிற்கும் ரகம் வாங்கியிருக்கும். இரண்டு தீர்ப்பும் அந்தந்த வருடத்துக்கு உண்மை. அடுத்த வருடத்துக்கு எது உண்மை என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் ஒரு ரகம் முதலில் நிலையத்துப் பாத்திகளில் சில வருடங்களும், பிறகு பல ஊர் நிலையங்களிலும், அதன் பிறகு விவசாயிகளின் சொந்த நிலங்களிலும் சோதிக்கப்படுகிறது. பத்து வருடம் எப்படி ஆகிறது என்பது இப்போது புரிகிறதா?

வருடம் மட்டுமா மாறுகிறது? ஒரே வயலுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மண் மாறுகிறது. ஒரு மூலை பள்ளம். அங்கே தண்ணீர் நிற்கும். ஒரு பக்கம் வேலியோரம். அங்கே மரநிழல் விழும். வரப்போரச் செடிகளுக்கு வெளிச்சமும் காற்றும் கூடுதல். புது ரகத்தைப் பள்ளத்திலும் பழைய ரகத்தை மேட்டிலும் விதைத்துவிட்டு, "புது ரகமே சிறந்தது" என்றால் ஜெயித்தது ரகமா, பள்ளமா?

இந்தக் கேள்விக்கு வழி சொன்னவர் ரொனால்டு ஃபிஷர். இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843-இல் தொடங்கிய கோதுமை வயல் பரிசோதனை ஒன்று இன்றும் நடக்கிறது. அங்கே குவிந்துகிடந்த பல்லாண்டுப் பதிவேடுகளை ஆராய 1919-இல் ஃபிஷர் வேலைக்குச் சேர்ந்தார். அவர் சொன்ன வழியை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதை ஆராய்ச்சியாளர் தன் விருப்பப்படி முடிவு செய்யக்கூடாது. ஒவ்வொரு ரகத்தையும் மூன்று நான்கு இடங்களில் விதைக்கவேண்டும். பழைய ரகமும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். அப்போதுதான் மண்ணின் வேறுபாட்டையும் ரகத்தின் வேறுபாட்டையும் பிரித்தறிய முடியும்.

இந்தியாவில் இந்தக் கணக்கைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் பி.சி. மகலனோபிஸ். அவர் யார் தெரியுமா? கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர்! 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், வங்காளத்துச் சணல் சாகுபடியை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடும் முறையை வகுத்தார். விவசாயத்தில் என்ன விஞ்ஞானம் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவர் பெயரைத்தான்.

என் மனக்குறை

இதுவரை ஆராய்ச்சிப் பண்ணையின் பக்கம் நின்று பேசினேன். தாமதம் என்று நாம் குறை சொல்வது பெரும்பாலும் நேர்மை என்பது என் உறுதியான கருத்து. இனி என் மனக்குறைக்கு வருகிறேன்.

பண்ணை ஆராய்ச்சியின் முடிவு சம்சாரியிடம் வந்து சேரும்போது, பெரும்பாலும் 'சராசரி விளைச்சல் ஏக்கருக்கு இவ்வளவு' என்ற ஒரே எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஒரு எண் போதாது என்பது என் வாதம். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள்.

'அ' ரகம் ஐந்து வருடங்களில் ஏக்கருக்கு 12, 11, 10, 1, 1 மூட்டை தருகிறது. 'ஆ' ரகம் 8, 7, 7, 6, 5 மூட்டை தருகிறது. சராசரி எடுங்கள். 'அ' 7 மூட்டை; 'ஆ' 6.6 மூட்டை. விளம்பரப் பலகையில் 'அ'தான் வெற்றி.

இப்போது, போட்ட செலவும் வீட்டுச் சாப்பாடும் சரிக்கட்ட 5 மூட்டை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆ' ரகம் ஒரு வருடம்கூடக் கைவிடவில்லை. 'அ' ரகம் ஐந்தில் இரண்டு வருடம் கைவிட்டது. நல்ல வருடம் முதலில் வந்தால் சேமித்துச் சமாளிக்கலாம். கெட்ட வருடம் முதலில் வந்தால்? தொடர்ந்து இரண்டு வந்தால்? ஒவ்வொரு வருடமும் தனித்தனி என்று கொண்டால், முதல் இரண்டு வருடமும் கெட்டதாக அமைய வாய்ப்பு 2/5 × 2/5, அதாவது 16 சதவிகிதம். ஆறு குடும்பங்களில் ஏறக்குறைய ஒன்று. அந்த ஒரு குடும்பம் மூன்றாவது வருடம் வருவதற்குள் நிலத்தை அடகு வைத்திருக்கும்; பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிய காலமும் கோவில்பட்டி வட்டாரத்தில் இருந்தது. சராசரி 7 மூட்டை என்ற ஆறுதல் அவர்களுக்கு எதற்கு?

வேறுபாட்டை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பருவம் பொய்த்தால் ஆராய்ச்சியாளரின் பதிவேட்டில் ஒரு வரி குறைகிறது. சில சமயம் அந்த வரிதான் மிகவும் பயனுள்ள தகவலாகவும் அமைகிறது. சம்சாரிக்கோ, அதே பருவம் பொய்த்தால் விதையும் போய், கடனும் நிற்கிறது. ஒரே மழை, ஒரே மண், ஒரே நஷ்டம் அல்ல. சோதனையின் செலவைச் சுமக்கச் சம்பளம் வாங்குகிறவருக்கு முடியும். சாகுபடி செய்கிறவருக்கு முடியாது. ஆகவே ஒவ்வொரு சிபாரிசோடும் சராசரியை மட்டும் அல்லாமல், மோசமான வருடத்தில் என்ன கிடைத்தது என்பதையும் பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்பது என் கோரிக்கை. அந்த எண் பதிவேட்டில் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சம்சாரியின் கண்ணுக்கு எட்டும்படி வைப்பதுதான் தேவை.

இதே அளவுகோலை மற்றவர்களுக்கும் நாம் பிடிக்கவேண்டும். "இந்த உரம் போட்டேன், இரண்டு மடங்கு விளைந்தது" என்று கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது. விதைக் கம்பெனியின் துண்டுப் பிரசுரமும் அதையே சொல்கிறது. "பாட்டன் காலத்து முறைக்குத் திரும்பினேன், அமோகம்" என்று இன்னொருவர் சொல்கிறார். புதுமை என்பதற்காக ஒன்றை நம்பவேண்டாம். பழமை என்பதற்காக மற்றொன்றை நம்பவேண்டாம். இருவரிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை வருடம் பார்த்தீர்கள்? பக்கத்தில் ஒப்பிட என்ன விதைத்திருந்தீர்கள்? மோசமான வருடத்தில் என்ன கிடைத்தது? மூன்றுக்கும் பதில் இருந்தால் மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு ஆட்சேபங்கள்

"பருவநிலையே மாறிவருகிறது, பழைய கணக்கால் என்ன பயன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாறிவருகிறது என்பதை எப்படி அறிந்தோம்? பழைய கணக்கு இருந்ததால்தானே! நேற்றைய உயரம் குறித்துவைக்காத பிள்ளை வளர்ந்ததா என்று எப்படிச் சொல்வது? மாற்றம் வேகமாக இருக்கிற காலத்தில்தான் இடைவிடாத பதிவு அதிகம் தேவை.

"செயற்கைக்கோளும் கணிப்பொறியும் வந்துவிட்டனவே, மழைமானி எதற்கு?" என்பது இரண்டாவது ஆட்சேபம். செயற்கைக்கோள் மழைத்துளியை அளப்பதில்லை. மேகத்திலிருந்து வரும் கதிர்வீச்சை அளந்து, அதிலிருந்து மழையைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு சரியா என்று பார்க்கத் தரையில் ஒரு மழைமானி வேண்டும். கணிப்பொறி மாதிரியும் அப்படியே. வயலில் அளந்த எண்ணைக் கொடுத்தால்தான் அது வயலைப் பற்றிப் பேசும். அதோடு, கரிசல் காட்டு மழை மாட்டின் ஒரு கொம்பை நனைத்து மறு கொம்பை விட்டுவிடும் என்பார்கள். கோவில்பட்டியில் பெய்தது எட்டயபுரத்தில் பெய்யாது. விளாத்திகுளத்தில் பெய்தது புதூரில் பெய்யாது. ஊருக்கு ஊர் அளக்க யார் இருக்கிறார்கள்?

நீங்கள் இருக்கிறீர்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நீங்கள் செய்யக்கூடியது

மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவையோ கண்ணாடி ஜாடியையோ எடுத்துக்கொள்ளுங்கள். வாயும் அடியும் ஒரே அளவாக இருந்தால், உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரமே மழையின் அளவு. ஜாடி பெரிதா சிறிதா என்பது பற்றிக் கவலை இல்லை. ஏன் என்று நீங்களே யோசித்துக் கண்டுபிடியுங்கள். மரமும் சுவரும் மறைக்காத திறந்தவெளியில், காற்றில் சாயாதபடி செங்கல் கொடுத்து நிறுத்துங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு மி.மீ. அளவுகோலால் அளந்து, குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத மறக்காதீர்கள். எழுதாமல் விட்ட நாளுக்கும் மழை பெய்யாத நாளுக்கும் பின்னால் வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவேண்டும் அல்லவா?

மழை பெய்த மறுநாள் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் ஒரு சிறு குழி தோண்டி, ஈரம் எத்தனை செ.மீ. இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். கரிசல் மண்ணில் ஒரு குழி, தேரி மணலில் ஒரு குழி. சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்து மாணவர்கள் தேரியிலும், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மாணவர்கள் கரிசலிலும் அளந்து கடிதத்தில் பகிர்ந்துகொள்ளலாம். அதே 15 மி.மீ. மழை இரண்டு மண்ணிலும் ஒரே ஆழம் இறங்குகிறதா? 5 செ.மீ. விதைப்பு ஆழம் தேரிக்குப் பொருந்துமா? எந்தப் பாடப்புத்தகத்திலும் உங்கள் ஊருக்கான விடை கிடையாது.

ஒரு வருடம் எழுதிவிட்டு முடிவு சொல்லாதீர்கள். இந்தக் கட்டுரையின் தலைப்பு உங்களுக்கும் பொருந்தும். பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது குறிப்பேட்டை எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர்கள் அடுத்தவர்களிடம் கொடுக்கட்டும். கோவில்பட்டியில் 1901-இல் முதல் பாத்தியை அளந்தவர்கள் இன்றைய 'கே 12' சோளத்தைப் பார்க்கவில்லை. ரோதாம்ஸ்டெட்டில் 1843-இல் முதல் கோதுமையை விதைத்தவர்கள் ஃபிஷரைப் பார்க்கவில்லை. ஆனாலும் அளந்து எழுதிவைத்தார்கள்.

புரட்டாசி பிறப்பதற்குள் ஜாடியும் குறிப்பேடும் தயாராக இருக்கட்டும். முதல் பக்கத்தில் பள்ளியின் பெயர், ஊர், மண்ணின் வகை, ஜாடி இருக்கும் இடம், அளக்கும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். மழை எப்போது வேண்டுமானாலும் வரும்.